அவமதிப்பு உயிரணுவை எட்டும் வழி: எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வுகளும் சாதிச் சமூகமும்

2022ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இந்தியாவைப் பற்றிய கட்டுரையொன்று வெளியாயிற்று. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் அரசு நடத்திய ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பின் தரவுகளிலிருந்து, சமூகப் பிரிவுவாரியாக மக்களின் ஆயுட்காலத்தை அது கணக்கிட்டது. ஆதிக்கச் சாதி இந்துக்களோடு ஒப்பிடுகையில் பழங்குடியினரின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டும் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே நிலவும் ஆயுள் இடைவெளிக்கு இது ஒப்பானது என்றும் அக்கட்டுரை குறிப்பிட்டது.

அக்கட்டுரையின் மற்றொரு முடிவு இதைவிட ஆழமானது. இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பகுதியைத்தான் பொருளாதார நிலை விளக்குகிறது. ஒரே அளவு வசதி படைத்த இரு குடும்பங்களிலும்கூடத் தலித் குடும்பத்தின் ஆயுள் குறைவாக இருக்கிறது என்பதே இதன் பொருள். வறுமை ஒழிந்தால் சாதியின் தீங்கும் தானே ஒழிந்துவிடும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் வாதத்தை இக்கணக்கு மறுக்கிறது.

எனில், எஞ்சிய பாதியின் காரணம் என்ன? குடிநீர், கழிப்பிடம், குடியிருப்பின் அமைவிடம், மருத்துவமனையில் கிடைக்கும் நடத்தை என்று பல காரணங்கள் உள்ளன. அவற்றோடு இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஒதுக்கப்படுவதும், அவமதிக்கப்படுவதும், எந்நேரமும் எச்சரிக்கையோடு வாழ நேர்வதும் உடலுக்குள் என்ன செய்கின்றன? ஒரு சொல்லோ ஒரு பார்வையோ உயிரணுவை எட்ட இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடப் பயன்படும் அளவுகோல்களுள் ஒன்று, எலிசபெத் பிளாக்பர்ன் என்னும் மூலக்கூறு உயிரியலாளரின் ஆய்வுகளிலிருந்து பிறந்தது. அவர் எங்கிருந்து தொடங்கி எப்படி இந்த இடத்தை வந்தடைந்தார் என்பதை அறிவது, அந்த அளவுகோலின் வலிமையையும் எல்லையையும் அறிவதற்கான வழியாகும்.

குளத்து நீரில் தொடங்கிய ஆய்வு

பிளாக்பர்ன் 1948ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பயின்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சேங்கரின் ஆய்வகத்தில் 1975இல் முனைவர் பட்டம் பெற்றார். மரபுப் பொருளான டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் சேங்கர். அக்கலையை அவரிடம் கற்ற பிளாக்பர்ன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் காலின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட உயிரி டெட்ராஹைமீனா. குளத்து நீரில் வாழும் ஒற்றை உயிரணு உயிரி அது. மருத்துவத்துக்கோ தொழிலுக்கோ அதனால் உடனடிப் பயன் ஏதும் இல்லை. ஆனால், அதன் உடலுக்குள் மிகச் சிறிய குரோமோசோம்கள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. குரோமோசோமின் நுனியை ஆராய விரும்புபவருக்கு அத்தனை நுனிகள் ஒரே இடத்தில் கிடைப்பது பெரும் வாய்ப்பு.

நுனியை ஏன் ஆராய வேண்டும்? 1930களிலேயே ஹெர்மன் முல்லரும் பார்பரா மெக்ளின்டாக்கும் குரோமோசோம்களின் நுனிகளில் ஏதோ ஒரு பாதுகாப்பு இருப்பதை உணர்ந்திருந்தனர். உடைந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இயல்பான நுனிகள் அவ்வாறு ஒட்டுவதில்லை. முல்லர் அந்நுனிக்கு டெலோமியர் என்று பெயரிட்டார். அது எதனால் ஆனது என்பது மட்டும் நாற்பது ஆண்டுகளாகத் தெரியாமலிருந்தது.

1978இல் பிளாக்பர்னும் காலும் வெளியிட்ட முடிவு எளிமையானது. டெட்ராஹைமீனாவின் நுனியில் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரே சொல், இருபது முதல் எழுபது முறை வரை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அச்சொல்லில் புரதம் எதற்குமான செய்தி இல்லை. கயிற்றின் நுனி பிரியாதிருக்க நூல் சுற்றிக் கட்டுவதுபோல், மரபுச் செய்தி சிதையாமலிருக்க இயற்கை சுற்றிவைத்த கட்டு அது. மனிதர்களின் 46 குரோமோசோம்களிலுள்ள 92 நுனிகளிலும் ஏறக்குறைய இதே போன்ற ஆறெழுத்துத் தொடர் உள்ளது என்பது 1988இல் தெரியவந்தது.

தேய்வும் ஈடும்

இந்தக் கட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்கும் நொதியால் கடைசி நுனி வரை செல்ல இயலாது. தரையை மெழுகியபடி பின்னோக்கி நகர்பவர், தாம் நிற்கும் துண்டை மெழுக முடியாமல் விட்டுவிட நேர்வது போன்றது இது. ஆகவே, ஒவ்வொரு பிரிவின்போதும் டெலோமியர் சிறிது குறைகிறது. மிகவும் குறைந்துவிட்டால் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. அந்நிலையை உயிரணு மூப்பு என்கிறோம். மனித உயிரணுக்கள் ஆய்வகத்தில் ஏறத்தாழ 40 முதல் 60 முறை வரைதான் பிரிகின்றன என்று லெனார்ட் ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961இலேயே காட்டியிருந்தனர். காரணம் அப்போது விளங்கவில்லை.

ஆனால் டெட்ராஹைமீனா மூப்படைவதில்லை; அது பிரிந்துகொண்டே இருக்கிறது. அதன் டெலோமியர் சில வேளைகளில் நீளவும் செய்தது. ஜாக் சோஸ்டாக்குடன் இணைந்து 1982இல் பிளாக்பர்ன் வெளியிட்ட சோதனையில், டெட்ராஹைமீனாவின் நுனியை ஈஸ்ட் உயிரணுவுக்குள் செலுத்தியபோதும் அது காப்பாகச் செயல்பட்டது. ஈஸ்ட் தன்னுடைய எழுத்துகளையும் அதன்மேல் சேர்த்தது. தேய்ந்ததை ஈடுசெய்யும் நொதியொன்று இருந்தாக வேண்டும் என்று பிளாக்பர்ன் கருதினார்.

அந்நொதியைத் தேடும் பணியை பெர்க்லியிலுள்ள அவரது ஆய்வகத்தில் 1984இல் ஏற்றவர் கரோல் கிரைடர் என்னும் ஆய்வு மாணவி. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆய்வகத்துக்குச் சென்று அவர் பார்த்த படலத்தில் நொதியின் முதல் தடயம் தெரிந்தது. 1985 இறுதியில் முடிவு வெளியாயிற்று. நொதிக்கு டெலோமரேஸ் என்று பெயர். தன்னுள்ளேயே ஒரு சிறு ஆர்.என்.ஏ. அச்சைச் சுமந்து, அதைப் பார்த்துப் பார்த்து நுனியில் எழுத்துகளைச் சேர்க்கும் நொதி அது. 1990இல் பிளாக்பர்னின் குழு அந்த ஆர்.என்.ஏ.வை மாற்றியமைத்துச் சோதித்தபோது, மூப்பே அறியாத டெட்ராஹைமீனா மூப்படைந்தது. ஈடுசெய்யும் வழி அடைபட்டால் மூப்பு வரும் என்பது தெளிவாயிற்று.

பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசை ஒரே ஆண்டில் இரு பெண்கள் பகிர்ந்துகொண்டது அதுவே முதன்முறை.

இவ்விடத்தில் மாணவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிரைடருக்கு எழுத்துகளைப் படிப்பதில் இடர் தரும் டிஸ்லெக்சியா என்னும் குறைபாடு இருந்தது. அமெரிக்காவில் மேற்படிப்புக்குரிய நுழைவுத் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண்கள் குறைவு. ஆய்வக அனுபவமும் நல்ல கல்லூரித் தேர்ச்சியும் இருந்தும், அவரை நேர்காணலுக்கு அழைத்தவை இரண்டே நிறுவனங்கள். அவற்றுள் பெர்க்லியும் ஒன்று. ஒரு நாள் தேர்வின் மதிப்பெண்ணையே தகுதி என்று கொண்டிருந்தால், அந்த நொதியைக் கண்டறிந்தவர் ஆய்வகத்துக்குள் நுழைந்திருக்கவே மாட்டார். நீட் தேர்வின் பெயரால் அனிதாவை இழந்த மண்ணில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். டெலோமியர் துறையில் பெண்கள் மிகுதியாக இருப்பதற்கு, பெண்களை ஆய்வகத்தில் சமமாக நடத்திய ஜோசப் காலின் அணுகுமுறை ஒரு காரணமெனக் கூறப்படுகிறது. காலிடமிருந்து பிளாக்பர்ன், பிளாக்பர்னிடமிருந்து கிரைடர் என்று அது தொடர்ந்தது. ஓரிடத்தில் திறக்கப்பட்ட கதவு, அடுத்த தலைமுறையில் பல கதவுகளாயிற்று. பிரதிநிதித்துவம் என்பது இவ்வாறுதான் பெருகுகிறது. அது தானே நிலைத்துவிடுவதும் இல்லை. பிளாக்பர்ன் பின்னாளில் சால்க் ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தபோது, 2017இல் அந்நிறுவனத்தின் மூத்த பெண் அறிவியலாளர்கள் மூவர் பாலினப் பாகுபாட்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். பின்னர் அவை சமரசத்தில் முடிந்தன. தலைமையில் ஒரு பெண் இருப்பதாலேயே ஒரு நிறுவனத்தின் பழைய கட்டமைப்பு மாறிவிடாது என்பதற்கு அது சான்று.

2004: இரு நிகழ்வுகள்

பிளாக்பர்னின் வாழ்வில் 2004 திருப்புமுனையான ஆண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமைத்த உயிரி அறநெறிக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். மூலச் செல் ஆய்வு பற்றிய குழுவின் அறிக்கைகள் அறிவியலைச் சரிவர முன்வைக்கவில்லை என்று அவர் மாறுபட்டார். அவ்வாண்டு பிப்ரவரியில் வெள்ளை மாளிகையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் அவர் நீக்கப்பட்டார். அறிவியலாளர்கள் பலர் கண்டனம் தெரிவித்தனர். அவரும் அடங்கிப் போகவில்லை. அரசியல் நோக்கத்துக்காக அறிவியல் திரிக்கப்படுவதைக் குறித்து மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக எழுதினார்.

அதே ஆண்டின் இறுதியில்தான் மன அழுத்தம் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவரை அணுகிய இளம் உளவியலாளர் எலிசா எப்பெல், நோயுற்ற குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் தாய்மார்களை ஆராய்ந்துவந்தார். அந்தத் தாய்மாரின் களைப்பு அவர்களின் டெலோமியரில் தெரியுமா என்பது எப்பெலின் கேள்வி. குளத்து உயிரியையும் ஈஸ்டையும் ஆராய்ந்துவந்த ஒருவருக்கு இது அயலான கேள்வி. தாமும் ஒரு தாய் என்பதால் அக்கேள்வி தம்மைத் தொட்டதாகப் பின்னர் பிளாக்பர்ன் கூறியிருக்கிறார்.

ஆய்வில் 58 பெண்கள் பங்கேற்றனர். 39 பேர் நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளின் தாய்மார்கள். 19 பேர் நலமான குழந்தைகளின் தாய்மார்கள். அவர்களின் இரத்த வெள்ளணுக்களில் டெலோமியரின் நீளமும் டெலோமரேஸின் செயலும் அளக்கப்பட்டன. தம் வாழ்வு தம் கைமீறிப் போவதாக அவர்கள் எந்த அளவுக்கு உணர்கின்றனர் என்பதும் வினாக்கள் வழியே பதிவுசெய்யப்பட்டது.

முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரு பிரிவினரையும் மொத்தமாக ஒப்பிட்டபோது டெலோமியரின் நீளத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நோயுற்ற குழந்தைகளைப் பராமரித்தவர்களுக்குள் பார்த்தபோது, எத்தனை ஆண்டுகள் கூடுதலாகப் பராமரித்தனரோ அந்த அளவுக்கு டெலோமியர் குறுகியிருந்தது. டெலோமரேஸின் செயலும் தாழ்ந்திருந்தது. மேலும், இரு பிரிவுகளிலும் மிகுந்த அழுத்தத்தை உணர்ந்த பெண்களின் டெலோமியர், குறைந்த அழுத்தத்தை உணர்ந்தவர்களுடையதைவிட, பத்தாண்டு கூடுதல் மூப்புக்கு நிகரான அளவு குறுகியிருந்தது. சுமையை எத்தனை ஆண்டுகள் சுமந்தார் என்பதும், அதைச் சுமக்கையில் துணையின்றி இருப்பதாக உணர்ந்தாரா என்பதும் உயிரணுவில் பதிவாகியிருந்தன.

அழுத்தம் உள்ளே செல்லும் பாதை

உணர்வு எவ்வாறு வேதியியலாகிறது? ஆபத்தை எதிர்கொள்கையில் உடல் கார்ட்டிசால் முதலிய சுரப்பிகளின் நீர்களை வெளியிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். இது உயிரைக் காக்கும் ஏற்பாடு.

ஆபத்து நீங்காமலே இருந்தால் இந்த ஏற்பாடே தீங்காகிறது. மிகுதியான கார்ட்டிசால், நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் டெலோமரேஸின் செயலைத் தாழ்த்துகிறது என்று 2008இல் வெளியான ஆய்வக ஆய்வொன்று காட்டியது. நீடித்த அழற்சி, உயிரணுக்களை அடிக்கடி பிரியத் தூண்டித் தேய்வைக் கூட்டுகிறது. ஆக்சிஜனேற்றத்தால் விளையும் சேதம் டெலோமியரில் எளிதாக ஏற்படுகிறது. தேய்வு விரைவாகிறது, ஈடு குறைகிறது. மூப்படைந்த உயிரணுக்கள் பக்கத்திலுள்ளவற்றிலும் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. இதய நோய், நீரிழிவு போன்றவை வயதுக்கு முன்பே வருவதற்கான பாதைகளுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது.

இங்கே ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை அலுவலகப் பரபரப்பு என்ற பொருளில் மட்டும் கொள்ளக் கூடாது. எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், எந்தக் கடையில் எந்தக் குவளை தரப்படும், வாடகைக்கு வீடு கேட்கையில் எந்தக் கேள்வி வரும், வகுப்பில் தன் பெயர்ப்பட்டியலின் பிரிவு வாசிக்கப்படும்போது யார் திரும்பிப் பார்ப்பார் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வாழ்வதும் ஓயாத எச்சரிக்கைநிலைதான். அவமதிப்பு நிகழாத நாளிலும் அதை எதிர்பார்த்திருக்கும் உடல் ஓய்வு பெறுவதில்லை.

நிறவெறியும் உயிரணுவும்

இக்கேள்வியை அமெரிக்காவில் முதலில் கூர்மையாக எழுப்பியவர் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ். வெள்ளைப் பெண்களுக்குப் பதின்வயதைவிட இருபதுகளில் நிகழும் மகப்பேறு குழந்தைக்குப் பாதுகாப்பானது. கறுப்பினப் பெண்களிடம் இவ்விதி பொருந்தவில்லை. இருபதுகளில் அவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து கூடியது. இதிலிருந்து 1992இல் அவர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். வெயிலும் மழையும் பட்டு மரமும் சுவரும் சிதைவதுபோல், ஒடுக்குமுறைச் சூழலை நாள்தோறும் எதிர்கொள்ளும் உடல் இளமையிலேயே நைந்துபோகிறது என்றார் அவர்.

டெலோமியர் என்னும் அளவுகோல் கிடைத்தபின் இதைச் சோதிக்க வழி பிறந்தது. ஜெரோனிமஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 49 முதல் 55 வயது வரையிலான கறுப்பினப் பெண்களின் டெலோமியர், அதே வயதுடைய வெள்ளைப் பெண்களைவிட ஏழரை ஆண்டு கூடுதல் மூப்புக்கு நிகராக இருந்ததாக மதிப்பிடப்பட்டது. வறுமையும் உணரப்பட்ட அழுத்தமும் இவ்வேறுபாட்டில் 27 விழுக்காட்டை விளக்கின.

பிளாக்பர்னும் எப்பெலும் இணையாசிரியர்களாக இருக்க, டேவிட் சே தலைமையில் 2014இல் வெளியான ஆய்வு நம் கவனத்துக்கு மிகவும் உரியது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும், 30 முதல் 50 வயது வரையிலான 92 கறுப்பின ஆண்கள் அதில் பங்கேற்றனர். காவல்துறை, வேலை, வீடு, கடை ஆகிய இடங்களில் அவர்கள் சந்தித்த பாகுபாடு பதிவுசெய்யப்பட்டது. தம் இனத்தைப் பற்றிய எதிர்மறைக் கருத்து அவர்களுக்குள்ளேயே அறியாமல் படிந்துள்ளதா என்பது கணினிவழிச் சோதனையால் அளக்கப்பட்டது. பாகுபாட்டை மிகுதியாகச் சந்தித்து, தம் இனத்தைத் தாழ்வாகக் காணும் பார்வையும் உள்ளே ஊறியவர்களுக்கே டெலோமியர் மிகக் குறுகியிருந்தது. வெளியிலிருந்து வரும் அடியும், அந்த அடி நியாயம்தானோ என்று உள்ளே எழும் குரலும் சேரும்போது உடல் அதிகம் தேய்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

இதை, பாதிக்கப்பட்டவரின் மனப்பான்மையே குற்றம் என்று படிப்பது தவறு. உள்ளே ஊறிய அந்தத் தாழ்வுணர்ச்சியை அவர் தாமே உண்டாக்கிக்கொள்ளவில்லை. பள்ளியும் திரைப்படமும் செய்தித்தாளும் வழக்காடும் மொழியும் அவருக்குள் செலுத்தியது அது. தமிழகத்துத் தலித் முன்னோடிகள் இதை எந்த ஆய்வகமும் இன்றியே அறிந்திருந்தனர். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். சித்த மருத்துவராகவும் இருந்த அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார். சுயமரியாதை அவர்களுக்கு அழகுச் சொல்லாக இருக்கவில்லை. ஆதிக்கத்தின் தீர்ப்பைத் தன் தீர்ப்பாக ஏற்க மறுக்கும் அரசியலாக இருந்தது.

அளவுகோலின் எல்லைகள்

ஒரு கண்டுபிடிப்பு நம் அனுபவத்துக்கு அரணாக இருக்கிறது என்பதாலேயே அதை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. எதிர்த்தரப்பு முதலில் தாக்குவது மிகைப்படுத்தலைத்தான். ஆகவே எல்லைகளை நாமே அறிந்திருப்பது நல்லது.

முதலாவதாக, மேற்கண்ட ஆய்வுகள் சிறியவை. பெரும்பாலும் ஒரே காலத்தில் எடுத்த அளவுகள். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதை அவை காட்டும். ஒன்று மற்றொன்றின் காரணம் என்று உறுதியாக நிறுவா. 2004க்குப் பின் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஆராய்ந்தபோது, உணரப்பட்ட மன அழுத்தத்துக்கும் டெலோமியருக்கும் இடையிலான தொடர்பு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்று தெரிந்தது.

இரண்டாவதாக, முடிவுகள் எங்கும் ஒருபோல் இல்லை. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு டெலோமியர் நீளமாக இருப்பதாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு. ஜெரோனிமஸ் குழுவே 2015இல் டெட்ராய்ட் நகரில் நடத்திய ஆய்வில், வெள்ளையர்களுள் ஏழைகளுக்கு டெலோமியர் குறுகியிருந்தது. கறுப்பினத்தவருள் ஏழைக்கும் வசதி படைத்தவருக்கும் வேறுபாடு இல்லை. வசதி பெருகினாலும் கறுப்பினத்தவருக்கு அதன் பயன் உடலில் முழுமையாகச் சேரவில்லையோ என்ற கேள்வியை இது எழுப்புகிறது. பொருளாதாரம் பாதிக்கும் குறைவாகவே விளக்குகிறது என்ற நம் நாட்டுக் கணக்கோடு இதைச் சேர்த்துச் சிந்திக்கலாம். ஆயினும் ஒரு நகரத்தின் முடிவைப் பொதுவிதியாக்க இயலாது.

மூன்றாவதாக, டெலோமியர் நீளமாக இருந்தால் நல்லது என்பது முழு உண்மையன்று. புற்றுநோய் உயிரணுக்களில் பத்தில் எட்டு, ஒன்பது டெலோமரேஸைப் பயன்படுத்தித்தான் ஓயாமல் பெருகுகின்றன. பிறவியிலேயே நீளமான டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்களின் ஆபத்து கூடுதல். டெலோமரேஸைத் தூண்டி இளமையை மீட்பதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளை இதை மனத்தில் கொண்டே நோக்க வேண்டும். டெலோமியர் பரிசோதனையை வணிகமாக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கியவர்களுள் பிளாக்பர்னும் ஒருவர். அத்தகைய பரிசோதனைகளால் தனிநபருக்கு என்ன பயன் என்று வெளிப்படையாக ஐயம் எழுப்பியவர் அவரது பழைய மாணவியான கிரைடர். ஒருவரின் டெலோமியரை அளந்து அவர் எத்தனை நாள் வாழ்வார் என்று சொல்ல இயலாது. மக்கள் குழுக்களை ஒப்பிடுவதற்கே அது ஓரளவு உதவும்.

நமக்கு இதில் என்ன?

பிளாக்பர்னும் எப்பெலும் 2017இல் டெலோமியர் குறித்துப் பொதுமக்களுக்காக எழுதிய நூலில் உறக்கம், உடற்பயிற்சி, உணவு, தியானம் ஆகியவற்றைப் பற்றிய அறிவுரைகள் நிறைய உண்டு. சமூகச் சூழலின் பங்கையும் அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். எனினும் இத்தகைய நூல்கள் சந்தைக்கு வரும்போது, அழுத்தத்தைக் கையாள்வது தனிநபரின் பொறுப்பு என்ற செய்தியே மேலோங்குகிறது. நம் கல்லூரிகளிலும் இதுவே நடக்கிறது. சாதிப் பாகுபாட்டைப் பற்றிப் புகார் அளிக்கும் மாணவருக்கு மனநல ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது. பாகுபாடு காட்டியவர் தம் இருக்கையிலேயே இருக்கிறார். ஆலோசனை தேவைதான். ஆனால், 2004 ஆய்வு பராமரிப்பின் ஆண்டுகளை எண்ணியது என்பதை மறக்கக் கூடாது. சுமை குறையாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒடுக்கப்பட்டோரின் உயிரணுக்கள் தேய்ந்தவை என்ற கூற்றை, அவர்கள் பிறப்பிலேயே நலிந்தவர்கள் என்று திரித்துக்கூற வாய்ப்புண்டு. சாதியைப் பிறப்போடும் இரத்தத்தோடும் கட்டிவைத்த சமூகத்தில் இத்திரிபு எளிது. டெலோமியர் ஆய்வு காட்டுவது இதற்கு நேர்மாறானது. சூழல் தேய்க்கிறது, சூழல் மாறினால் தேய்வின் வேகமும் மாறக்கூடும். தீட்டு என்பது உடலில் இல்லை. தீட்டுப் பார்க்கும் சமூகம்தான் உடலில் தடம் பதிக்கிறது.

சட்டத்துக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. கழிவுநீர்க் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. குழிக்குள் நச்சுவாயு தாக்கி நிகழும் சாவு ஓரளவாவது கணக்கில் வருகிறது. முப்பது ஆண்டுகள் அதே பணியைச் செய்து, நாற்பத்தைந்து வயதில் இதய நோயாலோ நுரையீரல் நோயாலோ இறப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவருடைய இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். பணியின் பெயரும் சாதியின் பெயரும் இரா. இந்த மெதுவான சாவுகளைக் கணக்கில் கொண்டுவருவதே அடுத்த கட்டப் போராட்டமாக இருக்க வேண்டும்.

அதற்குக் கோரிக்கைகள் தெளிவாக உள்ளன. ஆயுட்காலம், நாட்பட்ட நோய், மகப்பேற்று நலம் ஆகியவை குறித்த அரசுத் தரவுகள் சாதிவாரியாகத் தொகுக்கப்பட்டு முறையாக வெளியிடப்பட வேண்டும். தூய்மைப் பணியாளர்களின் நலம், பணியில் சேரும் நாள் முதல் ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும். சாதிப் பாகுபாடு உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய அரசின் ஆய்வு நிறுவனங்கள் நிதி ஒதுக்க வேண்டும். அவ்வாய்வுகளில் கேள்விகளை வகுக்கும் இடத்தில் தலித், பழங்குடி ஆய்வாளர்கள் இருக்க வேண்டும். தாய்மாரின் களைப்பைப் பற்றிய கேள்வி, அவர்களோடு அமர்ந்து பேசிய ஒரு பெண் ஆய்வாளரிடமிருந்தே எழுந்தது. தெருவின் எந்த முனையில் நடை தயங்கும் என்று அறிந்தவர்கள் ஆய்வகத்துக்குள் நுழையும்போது, இதுவரை எவரும் கேட்காத கேள்விகள் அங்கேயும் எழும். அறிவியல் பயிலும் தலித் மாணவர்கள் மூலக்கூறு உயிரியலையும் மக்கள்தொகையியலையும் பொதுச் சுகாதாரத்தையும் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.